பாக்கியம் வருவதற்குள்

22-2-73, வியாழன். நா. 349

காலையிலேயே வெயில். கிணற்றில் தண்ணீர் இன்னும் இறங்கிவிட்டது. இன்று இறைக்கும் முறை எனக்கும் ஹாராதனுக்கும். நாற்பது வாளி ஆன பிறகு தபால்காரர் வந்தார்.

பாக்கியம் வருகிறாள்!

மறுபடி எழுதுகிறேன். பாக்கியம் வருகிறாள். செல்வியும்.

கையெழுத்து மச்சினனுடையது, பேச்சு அவளுடையது. நாலே வரி. டிக்கெட் எடுத்தாயிற்று, பங்க் வகுப்பு, இருப்பதிலேயே மலிவு. மார்ச் முதல் வாரம் கப்பல். செல்விக்கு முன்பல் இரண்டு விழுந்து முளைத்துவிட்டது. கடைசி வரி மட்டும் அப்படியே: "வருஷத்தை முடித்த மனுஷனைப் பார்க்கத்தான் வருகிறேன். நடுவில் ஏதாவது நடந்திருந்தால் ஜெட்டியிலிருந்தே திரும்பிவிடுவேன்."

வரட்டும். ஒன்றும் நடக்கவில்லையே. 349 நாள். மார்ச் 10 சனிக்கிழமை 365.

கடிதத்தை, இந்தக் குடி மறக்கும் வீட்டை நடத்தும் செல்லையா சாரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். லுங்கி நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சார் கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். "ஏல, பொண்டாட்டி வாராளாம், நீ இப்படி ஈரக்கோழி கணக்கா நிக்க" என்றார். அவருக்கும் சந்தோஷம், மூக்கு சிவந்துவிட்டது.

செய்ய வேண்டியவை: சட்டைக்குப் பொத்தான் இரண்டு. முடிவெட்டு. செல்விக்குச் சங்கு, நல்லதாக. பா.வுக்கு என்ன? யோசிக்க.



24-2, சனி. நா. 351

வெயில், காற்றில்லை. மணல்பூச்சி கடி.

இந்த வீட்டில் இருப்பது பதிமூன்று பேர், பெண்வாடை கிடையாது. ஒருத்தி வருகிறாள் என்றதும் பதிமூன்று பேரும் ஆடுகிறார்கள். கிரீக் கழியோரம், எங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு குடிசை போட்டுக்கொண்டிருந்தோம், நாலு மாதமாகப் பாதியில் நின்றது. நேற்றும் இன்றுமாகக் கூரை முடிந்துவிட்டது! கட்டிலுக்கு எவ்வளவு அகலம் என்று ஒரு பெரிய சண்டை. ஹாராதன் கையை விரித்துக் காட்டுகிறான்: "பீவி, பச்சி, மாரி பாய். தீன் ஆத்மி!" மூன்று பேர் படுக்க வேண்டுமே என்கிறான். நான் இங்கேதானே படுப்பேன், 10ஆம் தேதி வரை வீட்டு விதி வீட்டு விதிதான் என்றேன். எல்லாரும் ஒரு மாதிரி சிரித்தார்கள். எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஹாராதன் இங்கே செட்டில் ஆன வங்காளி, வயல்காரன். அவன் பலகையை இன்று பார்த்தேன்.

(இந்த நோட்டை யாருக்கும் காட்டக் கூடாது என்பது சார் உத்தரவு. "காட்டணும்னு எழுதுனா பொய் தானா வந்துரும்ல. ஒனக்கே எழுது." அதனால் பலகையைப் பற்றி எழுதத் தேவையில்லை. ஆனால் செல்வி பெரியவளாகிப் படித்தால் புரிய வேண்டும்.)

வந்த அன்று ஆளுக்கொரு படாக் மரப் பலகை கொடுப்பார்கள், மில் வெட்டில் மிஞ்சியது. கை நீளம், இரண்டு விரல் கனம், செக்கச்சிவப்பு. தினமும் காலையில் கஞ்சிக்கு முன் உளியால் ஒரு கீறல். குடித்தால் அவனவனே இழைப்புளி பிடித்து எல்லாக் கீறலையும் இழைத்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். 365 கீறல் விழுந்தால் பலகையோடு வீட்டுக்குப் போகலாம். ஹாராதன் நாலு முறை இழைத்தவன். அவன் பலகை அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு முறை இழைத்தால் ஒடிந்துவிடும் என்கிற பயத்திலேயே இந்தத் தடவை நிற்கிறான் என்று கேலி செய்வோம்.

என் பலகையில் இழைப்புளி பட்டதே இல்லை. இது கர்வம்தான். இருக்கட்டும்.

1-3, வியாழன். நா. 356

ரங்கத் பஜாருக்குக் குட்டனோடு போனேன். (தனியாகப் போகக் கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான்.) குட்டன் எங்கள் சமையல்காரன், அவனும் உள்ளே இருப்பவன்தான், நா. 118. கோட்டயத்தான். எந்நேரமும் பாட்டு.

ரஹீம் பாய் கடை ரேடியோவில் கப்பல் செய்தி. கடை நிறைய ஆள், ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. மெட்ராஸிலிருந்து கப்பல் புறப்பட்டாயிற்று! ரஹீம் பாய் நம் கீழக்கரைக்காரர். "மாரியப்பா, ஒன் ஆளுக கடல்ல இருக்காக" என்று சொல்லி ஒரு டீ தந்தார். கை நடுங்கி டீ கொட்டியது. முன்பெல்லாம் கை நடுங்கினால் காரணம் வேறு.

திங்கள் போர்ட் பிளேர். வியாழன் அங்கிருந்து லாஞ்சுப் படகு. வியாழன் மத்தியானம் ரங்கத் ஜெட்டி. 8ஆம் தேதி.

வாங்கியவை: பொத்தான், சோப்பு, ரிப்பன் சிவப்பு.

திரும்பும்போது குட்டனிடம் எல்லாம் சொன்னேன். லாஞ்சு இன்ஜின் டிரைவராக இருந்தது. ஃபுல் போதையில் லாஞ்சைச் சேற்றுத்திட்டில் ஏற்றி முப்பது பேரை ஆறு மணி நேரம் வெயிலில் உட்கார வைத்தது. அதற்கு மறுவாரம் பா. போர்ட் பிளேர் டெய்ரி ஃபார்மில் இருந்த வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, செல்வியைத் தூக்கிக்கொண்டு மெயின்லேண்ட் போனது. குட்டன் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான். "சேச்சி வரட்டே. ஞான் ஒரு விருந்து வைக்கும்" என்றான்.

4-3, ஞாயிறு. நா. 359

காலையில் ஆப்பம்!!

குட்டன் நேற்றே அரிசி ஊறப்போட்டு இடித்து ஏதேதோ செய்துகொண்டிருந்தான், யாரையும் சமையற்கட்டுக்குள் விடவில்லை. சேச்சிக்கு வைக்கப்போகும் விருந்துக்கு ஒத்திகையாம். நடுவில் மெத்தென்று, ஓரம் மொறுமொறு. தேங்காய்ப்பால். ஒரு வருஷமாகக் கஞ்சியும் டால்பாத்தும் தின்ற நாக்கு. ஹாராதன் ஒன்பது. நான் ஏழு. சார் மூன்று, அவருக்குச் சர்க்கரை. "ஏ குட்டா, ஒன்ன வெளிய விட மாட்டம்ல" என்று சார் சொன்னதற்குக் குட்டன் பூரித்துப்போனான்.

மாவுப் பானையை நானே வலியப் போய்க் கழுவிக் கொடுத்தேன். எனக்கு இன்று பாத்திர முறை இல்லை. குட்டனுக்கு ஆச்சரியம்.

குடிசைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். சங்கு கிடைத்தது, ஓரம் மட்டும் கொஞ்சம் உடைசல்.

இன்னும் நாலு நாள். ஏனோ மத்தியானம் படுத்தால் நிலைகொள்ளவில்லை. சந்தோஷம் அதிகமானால் இப்படித்தான் போல.

5-3, திங்கள். நா. 360

கப்பல் போர்ட் பிளேர் வந்துவிட்டது! பஸ் டிரைவர் சொல்லிவிட்டுப் போனார். இந்நேரம் இறங்கியிருப்பாள். தீவு மண்ணில் நடந்துகொண்டிருக்கிறாள், கையில் செல்வி.

ஆனால் இன்று வேறொன்று நடந்து வீடே குட்டிச்சுவராகிக் கிடக்கிறது.

காலையில் கஞ்சி குடிக்கும்போது ஹாராதன், நேற்று ஆப்பம் எப்படி அவ்வளவு பூத்தது, சோடாவா என்று கேட்டான். குட்டன் அப்பாவியாக, "சோடாயோ? அய்யே! நல்ல தெங்கின் கள்ளு. அரைக் குப்பி" என்றான்.



அப்புறம் கூச்சல். ஒருவன் தட்டை எறிந்தான். ஒருவன் தொண்டையில் விரலைவிட்டுக் கக்கப் பார்க்கிறான், தின்று முழு நாள் ஆன பிறகு! ஹாராதன் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஹம்கோ மாலூம் நஹீ தா! ஹம்கோ மாலூம் நஹீ தா!" தெரியாது, எனக்குத் தெரியாது என்று அழுகிறான். குட்டன் நடுவில் திருதிருவென்று. அவன் ஊரில் ஆப்பம் என்றால் கள் ஊற்றித்தான் புளிக்க வைப்பார்களாம். அது கள் குடிப்பது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. "அது மாவினல்லே சாரே? மனுஷனுக்கு அல்லல்லோ!" மாவுக்குத்தானே ஊற்றினேன், மனுஷனுக்கா ஊற்றினேன் என்கிறான்.

சார் எல்லாரையும் அடக்கிவிட்டு, நாளைக் காலை உட்கார்ந்து பேசுவோம், அதுவரை யாரும் இழைப்புளியைத் தொடக் கூடாது என்றார்.

நான் வாயே திறக்கவில்லை.

6-3, செவ்வாய். நா. 361

வெயில். கூட்டம் குடிசை நிழலில். புதுச் சுண்ணாம்பு வாசனை.

ஆளுக்கொரு நியாயம். சுட்டால் கள் ஆவியாகிவிடும் என்று ஒருவன். மருந்தில் கலந்தால்? என்று ஒருவன். நூறு நாளைத் தாண்டியவர்கள் எல்லாரும் கணக்கில் வராது கட்சி. பத்து நாள்காரர்கள் எல்லாரும் வரும் கட்சி. இதில்கூட அரசியல்.

சார் கடைசியில் குட்டனை எழுப்பினார். கள் எங்கே வாங்கினாய்? ஊர்க்காரர் தோட்டத்தில், கருவாடு கொடுத்து. எவ்வளவு தூரம்? ஒன்றரை மைல். தனியாகப் போனாயா? ஆமாம். (அதற்குத் தனியாகத் திட்டு கிடைத்தது, ஒரு வாரம் கிணறு.) வழியில் வாய் வைத்தாயா?

குட்டன் விழித்தான். "இல்ல சாரே. மாவுக்குத் தெகையாதே."

மாவுக்குப் போதாமல் போய்விடுமாம்! அதுதான் காரணம்!

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எனக்கு ரெண்டாம் வருஷத்துலகூட அந்தக் குப்பிய ஒன்றரை மைலு தூக்கியார முடியாதுல. நூறடில மூடியக் கழத்திருப்பேன்" என்றார். எல்லாரும் குட்டனைப் பார்த்தோம். கைதட்டலாம் போல இருந்தது. ஹாராதன் எழுந்துபோய்த் தட்டியே விட்டான், முதுகில்.

தீர்ப்பு: இனி கள் சமையற்கட்டுக்குள் வரக் கூடாது. குட்டனுக்கு அது மாவுக்குப் போட்ட புளிப்புதான், அவன் கணக்கு நிற்கும். தெரியாமல் தின்றவனுக்கும் நிற்கும். "தெரிஞ்சு தின்னவன் எவனும் இருந்தா, நான் கேக்க மாட்டேன். இழைப்புளி அந்த ஆணியில தொங்குது."

யாரையும் பார்க்காமல் சொன்னார். என்னைப் பார்த்திருந்தால் நல்லது.

நோட்டே, உன்னிடமும் பொய் சொன்னேன். 4ஆம் தேதிப் பக்கத்தில் ஒன்றை விட்டேன். எழுதுகிறேன்.

முதல் ஆப்பம் ஆப்பம்தான். இரண்டாவதைப் பிய்த்து மூக்கருகே கொண்டுபோனபோதே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் பழகிய மூக்கு. உள்ளங்கை வரைக்கும் தெரிந்தது. தெரிந்துதான் மேலே ஐந்து தின்றேன். பசிக்காகத் தின்னவில்லை. ஒவ்வொன்றிலும் நடுப்பகுதியை முதலில். அப்புறம் பானை. உதவி செய்யவா போனேன்? அடியில் ஒட்டியிருந்த பச்சை மாவை வழித்து வழித்து நக்கினேன், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு கையகலம் மாவு. போதையா, ஒன்றுமில்லை. ஆனால் உடம்பு பூரா விளக்கு ஏற்றினது மாதிரி இருந்தது. நிலைகொள்ளாமல் புரண்டேனே, அது பாக்கியத்துக்காக இல்லை.

குட்டன் கையில் முழுசாக இருந்தது, அவனுக்கு அது மாவு. என் கையில் வெறும் பானை, எனக்கு அது கள்.

இப்போது என்ன செய்ய? இன்னும் நாலு கீறல். நாளை மறுநாள் அவள் ஜெட்டியில். யாருக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது! குடிசை தயார். ரிப்பன் வாங்கியாயிற்று. வெளியே போய் பஜாரில் இன்ஜின் ரிப்பேர் கடை போடலாம் என்று ரஹீம் பாயிடம் பேசி வைத்திருக்கிறேன். ஒரு கையகல மாவுக்காக ஒரு வருஷமா? இது பைத்தியக்காரத்தனம். அந்தத் தீர்ப்பே எனக்காகச் சொன்னது மாதிரி இருக்கிறது, வாயை மூடிக்கொண்டால் போதும்.

வாயை மூடிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன். ஏலக்காய் மென்று மூடிக்கொள்வேன்.

7-3, புதன்.

நாள் எண் போடவில்லை. காரணம் கீழே.

காலையில் எல்லாரும் உளியோடு நின்றார்கள். நானும் வைத்தேன், 362ஆவது கோட்டில். சுத்தியல் இறங்கவில்லை. பக்கத்தில் ஹாராதன் நாக்கை நீட்டிக்கொண்டு அவன் அப்பளத்தில் பார்த்துப் பார்த்துக் கீறிக்கொண்டிருந்தான், குழந்தைக்குக் காது குத்துகிற மாதிரி. நாலு முறை இழைத்திருக்கிறான் இவன். நாலு முறை எல்லார் எதிரிலும் சொல்லியிருக்கிறான். இவனையா கேலி செய்தேன்?

போய் ஆணியிலிருந்து இழைப்புளியை எடுத்தேன்.

"மாரி பாய்! பாகல் ஹோ கயா கியா?" ஹாராதன் ஓடி வந்து கையைப் பிடித்தான். பைத்தியமா உனக்கு, முதலில் பீவி வந்து இறங்கட்டும், அப்புறம் இழை என்று மன்றாடுகிறான். குட்டன் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான், எல்லாம் தன்னால்தான் என்று. உன்னால் இல்லை குட்டா, பானையை நக்கினது நான் என்று உரக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனாவது ஆப்பத்திலிருந்து என்பதுகூட.

சார் வந்து நின்றார். சமாதானமும் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. "நாளைக்கி லாஞ்சு. ஜெட்டில என்னல சொல்லுவ?"

"உள்ளதச் சொல்லுவேன் சார்."

"அவ திரும்பிப் போயிட்டா?"

 பலகையைப் பட்டறையில் வைத்து இழைத்தேன். படாக் லேசில் வராது. முதல் இழைப்பில் ஜனவரி பிப்ரவரி போயிற்று. தீபாவளி. மழைக்காலம் பூரா. முகம் வேர்த்துச் சொட்டியது. முடிந்ததும் அது புதுப்பலகை மாதிரி பளபளவென்று, வந்த அன்றைவிடச் சிவப்பாக. ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்று கீறல் போட்டேன்.

பிறகு அப்படி ஒரு பசி! மூன்று தட்டு கஞ்சி. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், சிரிப்பு வருகிறது. பயம்தான், நன்றாகவே பயம். ஆனால் ஓடிப்போகத் தோன்றவில்லை. ஓடிப்போய் ஜெட்டியில் இன்றே நிற்கத் தோன்றுகிறது.

சட்டை துவைத்தேன். முடிவெட்டியாயிற்று. ஹாராதனும் வெட்டிக்கொண்டான், அவன் எதற்கோ.

8-3, வியாழன். நா. 4

கடல் தட்டு மாதிரி. காலை பஸ்ஸிலேயே நானும் ஹாராதனும் போய்விட்டோம். லாஞ்சு மத்தியானம்தான். நாலு மணி நேரம் ஜெட்டிப் பலகையை எண்ணினேன். ஹாராதன் எனக்குப் பாடம் நடத்தினான்: ஒன்றும் சொல்லாதே, சிரி, பெட்டியைத் தூக்கு, வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு போட்டபிறகு சொல்.

சத்தம் கேட்டே சொன்னேன், லாஞ்சு இன்ஜினில் ஒரு சிலிண்டர் சரியில்லை. வளைவில் வந்தது. மேல்தட்டில் பச்சைப் புடவை. இளைத்திருந்தாள். செல்வி இவ்வளவு உயரமா! அவளுக்கு என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு அம்மா பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பாக்கியம் பலகையில் கால் வைத்து இறங்கினாள். நல்லா இருக்கீகளா இல்லை, ஒன்றுமில்லை.

"முடிச்சாச்சா?"

ஹாராதன் முந்திக்கொண்டு, "ஹான் பாபி! ஏக் சால் பூரா! பூரா!" ஒரு வருஷம் முழுசாக ஆயிற்று என்றான், பல்லெல்லாம் காட்டி.

"இல்ல பாக்கியம்" என்றேன். "இன்னிக்கி நாலாவது நாள்."

 ஹாராதன் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். நான் சொன்னேன். வேகமாக, கோர்வையில்லாமல். 359, ஆப்பம், குட்டன், கள்ளு, மாவுப் பானை, வழித்தது, நக்கினது, சார் தீர்ப்பு, வாயை மூடியிருந்தால் தெரிந்திருக்காது என்பது, எல்லாம். சுற்றிலும் ஆட்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆடு கத்திக்கொண்டே இருந்தது. இந்த லாஞ்சிலேயே வடக்கே மாயாபந்தர் வரை போய், போர்ட் பிளேர் திரும்பி, அதே கப்பலைப் பிடித்துவிடலாம் அவள். அது எனக்கும் தெரியும்.

கேட்டுவிட்டு ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். மோப்பம் பிடிக்கிறாளோ என்று நினைத்தேன். பிடித்தால் பிடிக்கட்டும் என்று நின்றேன்.

"ஏழு வருசமா மூக்கு முட்டக் குடிச்சிட்டு வந்து, தொட்டே பாக்கலன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனீக" என்றாள். "இன்னிக்கி ஆப்பத்தத் தின்னுபுட்டு வந்து குடிச்சேன்னு நிக்கிறீக."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா தெரியவில்லை. தோள் குலுங்கியது. செல்வி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

லாஞ்சு ஊதியது.

"பெட்டி மேலதான் இருக்கு. எறக்கல நான்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நிக்கிறீகளே! ஓடுங்க, கெளம்பிரப் போறான்!"

ஓடினேன். கயிறு பாதி அவிழ்த்துவிட்டார்கள். லாஞ்சு ஓட்டும் சராங்கு எனக்குப் பழைய பழக்கம், திட்டிக்கொண்டே நிறுத்தினார். பச்சை டிரங்குப் பெட்டி. தூக்கினால் அசையவில்லை. ஹாராதனும் ஏறி வந்து ஒரு பக்கம் பிடித்தான். அப்போதும் முடியவில்லை. லாஞ்சு வேலையாட்கள், இரண்டு லஸ்கர், கைகொடுத்து, நாலு பேராக, அம்மா அப்பா என்று ஜெட்டியில் கொண்டுவந்து வைத்தோம். பலகை கிறீச்சிட்டது.

"என்ன பாக்கியம் இது! ஜெட்டிலருந்தே திரும்பிருவேன்னு எழுதுனவ இரும்பா கட்டிக்கிட்டு வந்த?"

அவள் எங்கோ பார்த்தாள். செல்விதான் அம்மா பின்னாலிருந்து தலையை நீட்டி என்னிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"அம்மிக்கல்லுப்பா. கொழவியும் உள்ளதான் இருக்கு."